எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது

மார்ச் 3, திங்கள்

என் இணையதளம் ஓடும் சர்வர் இன்றும் நத்தைதான். தளத்தின் முதல் பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டால், கண்ட்ரோல் பேனல் மென்பொருளின் புதுப் பதிப்புக்கு நினைவகம் போதவில்லை, அடுத்த அளவு சர்வருக்கு மாறுங்கள் என்கிறார்கள். என் தளத்துக்கு இருப்பதே தாராளம். அதை மேய்க்க வைத்த பேனலுக்குத்தான் போதவில்லையாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மதியம் கேன்டீனில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ் கேட்டாள், “நாள் பூரா எக்ஸ்ரே ரூம்ல நின்னுட்டு, வீட்டுக்குப் போயும் கம்ப்யூட்டரா? அப்படி என்னதான் பண்றீங்க?”

சொன்னேன். நாய், பூனை, கிளி என்று எதையாவது தொலைத்தவர்கள் என் தளத்துக்கு எழுதுவார்கள். கண்டெடுத்தவர்களும் எழுதுவார்கள். இரண்டு பக்கக் கடிதங்களையும் படித்து, பொருந்துகிறதா என்று பார்த்து, அறிவிப்பாகப் போடுவேன். என் பூனை காணாமல் போனபோது ஆரம்பித்தது. பூனை வரவில்லை. தளம் ஏழு வருடமாக நடக்கிறது.

“இதுல என்ன கிடைக்குது உங்களுக்கு?”

ஒன்றும் இல்லை என்றேன். உண்மை அதுவல்ல. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் மெயிலைத்தான் திறக்கிறேன். முன்பின் தெரியாத யாரோ ‘கிடைச்சிடுச்சுங்க’ என்று எழுதியிருப்பார். அதைப் படித்துக்கொண்டே சாப்பிட்டால் தனியாகச் சாப்பிடுவதுபோல் இருக்காது. இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 9, ஞாயிறு

பேனல் என்னைக் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டுவிட்டது. காலையில் திறந்தால் நிறம் மாறியிருக்கிறது, பொத்தான்கள் இடம் மாறியிருக்கின்றன. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் யாரோ நம் அடுக்களையை ஒழுங்குபடுத்தி வைத்திருப்பதுபோல. உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று அரை மணி நேரம் துழாவினேன்.

தளம், தரவுத்தளம், மெயில், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பச்சை வட்டம். எல்லாம் பச்சை. போகட்டும், எனக்கு வேண்டியது அதுதானே. சர்வர் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் இந்தப் பேனல்தான் கைப்பிடித்து நடத்தியது. இப்போதும் எனக்குத் தெரிந்தது பொத்தான்கள் மட்டும்தான். பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் கடிதம் இல்லை.

மார்ச் 22, சனி

இரண்டு வாரமாக ஒரு கடிதமும் இல்லை. முன்பெல்லாம் ஒரு நாள் வராமல் இருந்தாலே ஆச்சரியம். பேனலில் பார்த்தேன், மெயிலுக்கு எதிரே பச்சை. ‘சேவை ஓடுகிறது’ என்று எழுதியும் இருக்கிறது. மெயில் கெட்டுப்போயிருந்தால் ஹோஸ்டிங் கம்பெனியின் பில் மட்டும் எப்படித் தவறாமல் வருகிறது?

ஒருவேளை யாருக்கும் எதுவும் தொலையவில்லையோ.

ஏப்ரல் 5, சனி

அக்கா போன் பண்ணினாள். குரலில் இருந்தே கண்டுபிடித்துவிடுவாள். சொன்னேன்.

“யாரும் எழுதலைன்னா நல்லதுதானேடி. இப்ப எல்லாரும் பெரிய பெரிய ஆப்ல போட்டுக்கறாங்க. உன் ஓட்டை சைட்டுக்கு எதுக்கு வரணும்?”

“வர்றாங்கக்கா. எத்தனை பேர் வந்தாங்கன்னு பேனல் காட்டுது. வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிடறாங்க.”

“அப்ப விடு. சனிக்கிழமையாவது வெளியில போய் நாலு மனுஷங்களைப் பாரு.”

போனை வைத்துவிட்டு வெளியே போனேன். பூங்கா வரை நடந்தேன். பெஞ்சில் நாலு மனுஷர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சற்று நின்றுவிட்டு, ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்த எண்ணிக்கைதான் என்னைக் குடைகிறது. யாருமே வராவிட்டால் சரி. வருகிறார்கள். வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, கூப்பிடாமல் திரும்புகிறார்கள். புதிதாக ஒரு அறிவிப்பும் இல்லாத பக்கத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? கடிதம் வந்தால்தானே நான் அறிவிப்புப் போட முடியும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

யார் மனதையாவது புண்படுத்திவிட்டேனா? கடைசியாக நான் எழுதிய பதில்களை எடுத்துப் படித்தேன். ஆமை தொலைந்த ஒரு அம்மாவுக்கு, ‘ஆமை அதிக தூரம் போயிருக்காது, கட்டிலுக்கு அடியில் பாருங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். கிண்டலாக எடுத்துக்கொண்டாரோ? நாலு பேரிடம் சொல்லியிருப்பாரோ?

பைத்தியம் பிடிச்சிருக்கு எனக்கு. ஒரு ஆமைக்காக ஊரே பேசாம இருக்குமா?

கணவர் வீட்டை விட்டுப் போனபோதும் இப்படித்தான். கடைசியாக என்ன சொன்னோம், எந்த வார்த்தை தப்பு என்று மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தேன். வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பம் ஆகிவிட்டது அவருக்கு. நான்தான் தோண்டிய குழியிலேயே கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தேன்.

மே 6, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். இந்த மாதத்தோடு தளத்தை மூடுகிறேன். முதல் பக்கத்தில் இரண்டு வரியில் அறிவிப்பும் போட்டாயிற்று. பேனலின் உரிமக் கட்டணத்தை மறுபடி ஏற்றுகிறார்களாம். ஆளில்லாத கடைக்கு யாராவது வாடகை கட்டுவார்களா?

மூடாதீர்கள் என்று ஒருவராவது எழுதுவார் என்று நினைத்தேன். சாயங்காலம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மே 15, வியாழன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பதினோரு மணி வாக்கில் எக்ஸ்ரே எடுக்க ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, பஸ் டிரைவர் சீருடை, வலது மணிக்கட்டு வீங்கி உருண்டிருந்தது. மேசையில் கையை வைக்கச் சொல்லி விரல்களை மெல்ல மடக்கிவிட்டேன்.

“எப்படி விழுந்தீங்க?”

“மதில்மேல் பூனை கேள்விப்பட்டிருப்பீங்க சிஸ்டர். நான் மதில்மேல் டிரைவர்.” வலியிலும் சிரித்தார். “நாயைத் தேடி ஏறினேன். குடோனுக்குப் பின்னாடி குரைக்கிற சத்தம் கேட்டுச்சு. அது வேற நாய்.”

“எப்ப காணாமப் போச்சு?”

“மார்ச் கடைசில. டிக்கெட்னு பேரு. டிக்கெட்னு கூப்பிட்டா எங்க இருந்தாலும் ஓடி வரும். வீட்ல வேற யாரும் இல்ல, அதுவும் நானும்தான்.”

கையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டேன். “எங்கயாவது எழுதிப் போட்டீங்களா? இதுக்குன்னு சைட் இருக்குன்னு சொல்வாங்களே.”

“எழுதினேனே. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. பக்கத்து வீட்டம்மாதான் சொன்னாங்க, அதை நடத்தறவங்க ரொம்ப நல்லவங்க, ஒவ்வொருத்தருக்கும் பதில் போடுவாங்கன்னு. எனக்கு ஒரு வரி இல்ல. இப்ப மூடப் போறாங்களாம். மூடட்டும். பதில் சொல்ல மனசில்லாதவங்களுக்கு எதுக்குக் கடை?”

“கையை அசைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பொத்தானை அழுத்த மறந்து நின்றிருக்கிறேன். “ஆச்சா சிஸ்டர்?” என்று அவர் கேட்ட பிறகுதான் அழுத்தினேன்.

மூன்று தடவை எழுதியிருக்கிறார்.

மே 16, வெள்ளி

லீவு போட்டேன்.

முன்பே செய்திருக்க வேண்டியதை இன்று காலையில் செய்தேன். என் தளத்துக்கு நானே, யாரோ போல, ஒரு கடிதம் எழுதினேன். ‘வெள்ளைப் பூனை, காணவில்லை.’ அனுப்பியதும் ‘நன்றி, உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று திரையில் வந்தது. போனில் ஒன்றும் வரவில்லை. பத்து வாரமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டுக் கதவைத் தானே யாராவது வெளியில் நின்று தட்டிப் பார்ப்பார்களா?

ஹோஸ்டிங் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

“எல்லாம் பச்சையாதான் காட்டுது மேடம்.”

“எனக்கும் பச்சையாதான் காட்டுது. கடிதம் வரலைங்க.”

“டெலிவர் ஆயிருக்குன்னு இருக்கே மேடம்.”

“எங்க டெலிவர் ஆயிருக்கு?”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “மேடம், சர்வருக்குள்ளயே ஒரு மெயில்பெட்டி இருக்கு. யாருக்குன்னு தெரியாத மெயில் எல்லாம் விழற பெட்டி. அங்கதான் போயிட்டிருக்கு. நீங்க ஏதாவது ஃபைலைக் கையால மாத்தி வெச்சிருந்தீங்களா?”

மாற்றித்தான் வைத்திருந்தேன். கடிதங்களை என் போனுக்குத் திருப்பிவிட பேனலில் ஒரு பொத்தான் இருந்தது. அது படங்களை வெட்டிவிட்டு அனுப்பியது. படம் இல்லாமல் நாயை எப்படி அடையாளம் காண்பது? அதனால் இரண்டு வருடத்துக்கு முன் யாரோ இணையத்தில் சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கோப்பைத் திறந்து, கடிதங்களைப் படத்தோடு என் போனுக்கு அனுப்பச் சொல்லி நானே ஒரு வரி எழுதினேன். வேலை செய்தது. மறந்துவிட்டேன்.

“புது வெர்ஷனுக்கு அப்டேட் ஆகும்போது பேனல் அந்த ஃபைலைத் திருப்பி எழுதிடும் மேடம். உங்க வரி போயிருக்கும்.”

“சொல்ல வேண்டாமா?”

“பேனலைப் பொறுத்தவரைக்கும் அது தப்பு இல்லையே மேடம். மெயில் ஒரு பெட்டில விழுது, அதனால பச்சை.”

கோப்பைத் திறந்து பார்த்தேன். என் வரி இல்லை. உச்சியில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது, இதைக் கையால் மாற்றாதீர்கள், பேனல் திரும்ப எழுதிவிடும் என்று. அன்றும் இருந்திருக்கும். நான் கீழே போய் எழுதினேன், மேலே படிக்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். நானூற்றுக்கு மேல்.

மே 17, சனி

காலையிலிருந்து படிக்கிறேன். யாரும் என்னை விட்டுப் போகவில்லை. எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஆமை கட்டிலுக்கு அடியில்தான் இருந்ததாம், சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் அந்த அம்மா. ‘மூடாதீர்கள்’ என்று ஒன்பது பேர். ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டு ஒருவர், முகம் தெரியாத ஒருவர்.

சந்தோஷப்பட முடியவில்லை. பாதிக் கடிதங்களில் அவசரம். ‘இன்று ராத்திரி மழை வரும் போலிருக்கிறது, சின்ன நாய்க்குட்டி, தயவுசெய்து சீக்கிரம் போடுங்கள்.’ மார்ச் மாத மழை. நான் அப்போது என்ன பண்ணிட்டிருந்தேன்? யாரும் என்னை மதிக்கலைன்னு முகத்தைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருந்தேன்.

பஸ் டிரைவரின் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பழுப்பு நிறம், இடது காது மடிந்திருக்கும். மூன்றாவது கடிதத்தில் இவ்வளவுதான்: ‘உயிரோடு இல்லை என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.’

மே 18, ஞாயிறு

பொருந்திவிட்டது.

ஏப்ரல் முதல் வாரம், நெடுஞ்சாலை ஓர டயர் கடையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பழுப்பு நாய், இடது காது மடிந்திருக்கிறது, சாதுவானது. ‘ரோட்டில் ஓடிவிடாமல் பின்பக்கம் கட்டி வைத்திருக்கிறோம். பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் எழுந்து நிற்கிறது.’

உடனே போன் பண்ணினேன்.

“அதுவாம்மா? போன மாசக் கடைசி வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. நல்ல நாய். உங்களுக்கு எழுதிப் பாத்தோம், பதிலே இல்ல. சரி நாமளே வெச்சுக்கலாம்னு கயித்தை அவுத்து விட்டோம். ரெண்டு நாள் கடையிலதான் படுத்துக் கெடந்துச்சு. மூணாம் நாள் ஒரு பஸ் பின்னாடியே ஓடிருச்சும்மா. கூப்பிடக் கூப்பிடத் திரும்பலை.”

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

மே 22, வியாழன்

இன்று அவருக்கு மறு எக்ஸ்ரே. சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நாலு நாளாக என்னிடமே வாதாடிப் பார்த்தேன். சொன்னால் நாய் வந்துவிடுமா? ஆனால் அந்த மூன்றாவது கடிதம்.

படம் எடுத்து முடித்து, வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அந்தத் தளம் என்னுடையது என்று. கடிதங்கள் எங்கே விழுந்து கிடந்தன என்று. டயர் கடையைப் பற்றி. பேனல், அப்டேட் என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

“எந்த டயர் கடை?”

சொன்னேன்.

“அது என் ரூட்டு” என்றார். கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “அந்த வளைவுல தினமும் நாலு தடவை ஹாரன் அடிப்பேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து, எக்ஸ்ரே சீட்டை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். சீட்டை மடித்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

மே 23, வெள்ளி

அக்கா போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

மே 29, வியாழன்

தொலைந்த வரியைத் திரும்ப எழுதிவிட்டேன். பேனல் மறுபடி அழிக்கும் வரை வேலை செய்யும். தினமும் காலையில் என் தளத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன். பச்சையை இனிமேல் நம்புவதாக இல்லை.

பிற்பகல் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘டிரைவர்’.

‘சிஸ்டர், மத்தவங்க லெட்டர் எல்லாம் படிச்சு முடிச்சீங்களா. ஒருத்தியா எப்படி முடியும். எனக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வண்டி ஓட்ட முடியாது. சும்மாதான் இருக்கேன். இடது கையால போன் பண்ணலாம்.’

கோபம் தீர்ந்துவிட்டதாக எங்கும் எழுதவில்லை. மூடும் அறிவிப்பை எடுத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

ஆஸ்பத்திரி கேன்டீனின் மூலை மேசை. நான் கடிதத்தைப் படித்து எண்ணைச் சொல்ல, அவர் இடது கையால் தடவித் தடவி அழுத்துகிறார். பாதிப் பேர் எடுக்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். திட்டு விழும்போது போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சொல்லுங்க சொல்லுங்க, நியாயம்தான்” என்கிறார். பஸ்ஸில் பழகியதாம்.

நான்கு மணிக்கு ஒரு பூனை பொருந்தியது. தொலைத்த வீடும் கண்டெடுத்த வீடும் ஒரே தெரு. இரண்டு மாதமாக அது இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. போனை வைத்துவிட்டு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் போய் இரண்டு தேநீர் வாங்கிவந்தேன்.

ஜூன் 21, சனி

பேனலை விட்டு வெளியேறுவது என்று தீர்மானித்தேன். பேனல் இல்லாத ஒரு சின்ன சர்வர் எடுத்திருக்கிறேன். உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் பெரும்பாடு. எல்லாவற்றையும் அது தன் பாணியில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. அந்த மூட்டையை அந்தப் பேனல்தான் பிரிக்குமாம். கோப்பு கோப்பாக நானே எடுத்து வைக்கிறேன். எது எங்கே இருந்தது என்று இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன், ஏழு வருடத்துக்குப் பிறகு.

ஜூலை 6, ஞாயிறு

பாதுகாப்புக்கென்று ஒரு கட்டளை எழுதினேன். அது என்னையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. சொந்த சர்வருக்குள் போக வழியில்லாமல் அரை நாள். டிரைவரிடம் போனில் சொன்னேன். “முதல் நாள் வண்டி எடுத்தப்ப நான் டெப்போ கேட்டையே இடிச்சேன், விடுங்க” என்றார்.

பேனல் இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அதுவும் உண்மைதான். ஆனால் எது தவறு என்று எனக்குத் தெரிந்தது. நானே சரியும் செய்தேன்.

ஜூலை 19, சனி

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமை மட்டும் வருகிறார். தளத்தின் கடவுச்சொல்லை அவரிடமும் கொடுத்திருக்கிறேன். டயர் கடை வளைவில் இப்போதும் ஹாரன் அடிக்கிறாராம், தேவையில்லாத நேரத்திலும். டிக்கெட் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாதம் ஒருமுறை அறிவிப்பை அவரே புதுப்பிக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்க்காததுபோல் இருந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விபத்து கேஸ்கள் அடுத்தடுத்து வந்ததில் வீடு திரும்ப இருட்டிவிட்டது. கால் வலி. செருப்பைக்கூடக் கழற்றாமல் மெயிலைத் திறந்தேன். காலையில் ஒரு பெண் எழுதியிருந்தாள், கிளி பறந்துவிட்டது, இந்தத் தளத்தில் யாராவது இருக்கிறீர்களா, எழுதினால் படிப்பீர்களா என்று.

அதற்குக் கீழே பதில் ஏற்கெனவே போயிருந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எழுத்துப் பிழைகளோடு.

‘கடிதம் கெடைச்சுது. படிச்சாச்சு. கூண்டைத் தொறந்து மாடியில வைங்க, பக்கத்துல தண்ணி வைங்க. எப்ப வேணா எழுதுங்க. நாங்க இங்க ரெண்டு பேர் இருக்கோம்.’

அடுப்பைப் பற்றவைத்து முட்டையை வேகப் போட்டுவிட்டு, அதை இன்னொரு முறை படித்தேன். பிழைகளைத் திருத்தவில்லை.